224 செ.மீ. டிரெய்லர், 7 அடி கராஜ் கதவு: உள்ளே விட வழி உண்டா?

ஈசூன் ரிக்கர்

வணக்கம். சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் 34 வருடம் ரிக்கராக, அதாவது பாரத்தைக் கட்டித் தூக்கி நகர்த்துகிறவனாக, வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். இருப்பது ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீடு. எனக்குக் கராஜும் கிடையாது, டிரெய்லரும் கிடையாது. இந்தக் கேள்வி என் மகளுக்காக.

மகளும் மருமகனும் அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலம், கேரி என்கிற ஊரில் இருக்கிறார்கள். நாலு மாதத்துக்கு முன் ஒரு சரக்கு டிரெய்லர் வாங்கினார்கள். அலுமினியத் தகடு போர்த்திய மூடிய பெட்டி. 6 அடி அகலம், 12 அடி நீளம், முன்பக்கம் கூராக இருக்கும். ஒற்றை அச்சு, இரண்டே சக்கரம். அதற்குள் கட்டில், ஒரு சின்னச் சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, போகிற இடத்தில் தூங்கி எழுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மருமகன் தச்சு வேலையில் கெட்டிக்காரர். அக்டோபரில் நான் அங்கே போகிறேன். என்னையும் ஏற்றிக்கொண்டு புளூ ரிட்ஜ் பார்க்வே என்கிற மலைச்சாலையில் போவதாகத் திட்டம். மொத்தம் 469 மைல், அதாவது 755 கி.மீ. நீளமுள்ள சாலை. இலையெல்லாம் சிவக்கிற பருவம்.

சரி, சிக்கல் இதுதான். அவர்கள் குடியிருக்கும் இடத்தில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. டிரெய்லரை வீட்டு முன்பாதையில் இரவில் நிறுத்தக் கூடாது என்று விதி. இரண்டு முறை கடிதம் வந்துவிட்டது. வெளியே வாடகைக்கு இடம் பிடித்தால் மாதாமாதம் பணம், அதோடு சனி ஞாயிறு ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் அங்கே போக வேண்டும். ஆகவே கராஜுக்குள் வைத்தால்தான் வேலையும் நடக்கும், கடிதமும் நிற்கும். ஆனால் கராஜ் கதவு 7 அடி. 213 செ.மீ.

வீடியோ அழைப்பில் இருவரையும் அளக்கச் சொல்லி நான் குறித்துக்கொண்டவை:

டிரெய்லரின் உச்சி, காலியாக, டயரில் முழுக் காற்றோடு: 224 செ.மீ. கதவு முழுதும் திறந்த நிலையில் தரையிலிருந்து கதவின் அடி விளிம்பு வரை: 207. மேல் உத்தரம் வரை அளந்தால் 213 சரியாக வருகிறது, ஆனால் கதவு முழுதாக மேலே ஏறாமல் ஆறு செ.மீ. தொங்கிக்கொண்டு நிற்கிறது. கராஜ் உள்கூரை 9 அடி, அங்கே இடிக்காது. உள் நீளம் 610, டிரெய்லர் நுனியிலிருந்து வால் வரை 480. நீளத்தில் பிரச்சினை இல்லை. அச்சிலிருந்து வால் வரை 150. அச்சிலிருந்து முன்கொக்கி வரை 330. டயர் 15 அங்குல ரிம், முழு விட்டம் 69 செ.மீ.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த டிரெய்லரை ஆர்டர் கொடுக்கும்போது உள் உயரத்தை 3 அங்குலம் கூட்டித் தரும்படி மகள் கேட்டிருக்கிறாள். நான் 170 செ.மீ. முதுகில் எனக்கு ஒரு பழைய அடி உண்டு, குனிந்து நின்றால் அரை மணி நேரத்தில் வலி எடுக்கும். அப்பா உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அவள் செய்த காரியம். அவள் இதை என்னிடம் சொல்லவில்லை, மருமகன்தான் சொன்னார். அந்த ஏழரை செ.மீ.யும் சேர்ந்து இப்போது வாசலில் இடிக்கிறது. இதை எப்படியாவது உள்ளே விட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

என் யோசனை இது. உலர்துறைக்குள் (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) கப்பலைக் கொண்டுவரும்போது வாசலில் ஒரு படி இருக்கும். கப்பலின் அடி அதைத் தொடாமல் வர வேண்டும். பின்பக்கம் அதிகம் மூழ்கியிருந்தால் தண்ணீர்த் தொட்டிகளில் மாற்றி நிரப்பிச் சமப்படுத்துவார்கள். டிரிம் என்று சொல்வோம். அதேபோல், டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது முன்கொக்கியை 40 செ.மீ. தூக்கினால் வால் 18 செ.மீ. இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வால் உள்ளே போனதும் கொக்கியை இறக்கினால் மூக்கு தாழும், மூக்கும் போய்விடும். இது சரிப்படுமா?

இன்னொன்று, கூரையில் காற்றாடி வைக்க 14 அங்குலச் சதுரத்தில் ஓட்டை போடப் போகிறார்கள். மூடி சாத்தியிருந்தாலும் அது தகட்டுக்கு மேலே துருத்தி நிற்கும். இன்னும் வெட்டவில்லை. எங்கே வெட்டச் சொல்லலாம்?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நம் ஊரில் உயரக் கம்பிக்கு அடியில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

---

காக்கி புக்கிட் ஏர்கான்

அண்ணே வணக்கம். ஏர்கான் சர்வீஸ் வேன் ஓட்டுகிறேன். ஹையேஸ், சாதாக் கூரை. வண்டி மட்டும் 198 செ.மீ. மேலே ஏணி வைக்கும் கம்பி போட்டதும் 210-ஐத் தொட்டுவிட்டது. வீவக அடுக்குமாடி நிறுத்துமிடங்களில் பல இடத்தில் 2.1 மீட்டர் என்று எழுதி மஞ்சள் கறுப்புக் கம்பி தொங்கும். எனக்கு அந்தக் கம்பியோடுதான் பிழைப்பு.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வண்டியின் உயரம் ஒரே எண் இல்லை. பாரம் ஏற்றினால் ஒன்று, இறக்கினால் ஒன்று. போன வருடம் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வேலை. காலையில் ஐந்து வெளி யூனிட்டோடு போனேன், கம்பி தொடவே இல்லை. எல்லாவற்றையும் இறக்கி மாட்டி முடித்து மாலை வெளியே வரும்போது கம்பி ஏணியில் தட்டி இழுத்துவிட்டது. ஸ்பிரிங் நிமிர்ந்துவிட்டது, வேறு காரணம் இல்லை. அந்தக் கம்பியின் அடையாளம் ஏணியில் இன்னும் இருக்கிறது.

நீங்கள் காலியாக, முழுக் காற்றில் அளக்கச் சொன்னது ரொம்பச் சரி. அந்த 224-ஐ மட்டும் வைத்து முடிவெடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது உள்ளே தள்ளிவிட்டு, உள்ளே வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அப்புறம் வெளியே எடுக்க முடியாமல் போகும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, சின்ன விஷயம் இல்லை.

டயரில் காற்றை இறக்கினால் மூன்று நாலு செ.மீ. கிடைக்கும். வாசலைத் தாண்டுகிற நாலு மீட்டருக்கு மட்டும். காற்றில்லாத டயரில் பாரத்தோடு நாள்கணக்கில் நிற்க விட்டால் டயரின் பக்கச்சுவர் கெட்டுவிடும். உள்ளே போனதும் திரும்ப அடித்துவிட வேண்டும்.

அளப்பதற்கு ஒரு வழி: டேப்பைக் கூரையில் வைத்துக் கண்ணால் பார்க்காதீர்கள். ஒரு நேரான பலகையைக் கூரைமேல் குறுக்கே வெளியே நீட்டி வைத்து, ரசமட்டம் பார்த்து, பலகையின் அடியிலிருந்து தரைக்கு அளக்கச் சொல்லுங்கள். இரண்டு செ.மீ. வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

---

சாங்கி கார்கோ

அங்கிள், நான் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் 15 வருடமாகத் தட்டில் சரக்கு அடுக்கிக் கட்டுகிறேன். எங்கள் வேலையே இதுதான். பயணிகள் விமானத்தின் கீழ்த்தட்டுக்குப் போகிற சரக்கு 160 செ.மீ. தாண்டக் கூடாது. உயரம் சரியாக இருந்தாலும் போதாது, விமானத்தின் உடம்பு வளைவானது, மேல் மூலை இடிக்கும். அதனால் வளைவுக்குத் தகுந்த சட்டம் ஒன்று வைத்து, கட்டிய சரக்கு அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவோம். ஒரு செ.மீ. வெளியே நின்றாலும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பிரித்துக் கட்டியிருக்கிறேன்.

உங்கள் கணக்கைப் படித்ததும் எனக்கு ஒரு இடம் உறுத்தியது. வீட்டில் மைலோ பெட்டி அட்டையை எடுத்து, பத்தில் ஒரு பங்கு அளவில் உங்கள் டிரெய்லரைப் பக்கவாட்டில் வெட்டினேன். அச்சு இருக்கும் இடத்தில் குண்டூசி. மேசை விளிம்பு தரை, மேலே ஒரு அடிக்கோல் கதவு விளிம்பு. என் மகனும் உட்கார்ந்து செய்தான்.

நீங்கள் சொன்னபடி கொக்கியைத் தூக்கினால் வால் இறங்குகிறது, உள்ளே போகிறது. ஆனால் அச்சுக்கு நேர் மேலே உள்ள கூரை கொஞ்சமும் இறங்கவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்த இடம் 224-தான். சக்கரம்தான் அதைத் தாங்கி நிற்கிறது, சாய்வு ஒன்றும் செய்யாது. அட்டையில் வால் நன்றாக நுழைந்து, அச்சு வாசலுக்கு வெளியே ஒரு மீட்டர் சொச்சத்தில் இருக்கும்போது கூரை முட்டி நின்றுவிடுகிறது. கதவை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்ற முடியும் என்று எடுத்துக்கொண்டு, கதவு விளிம்பை 211 என்று வைத்துக் கணக்காகவும் போட்டேன், 108 செ.மீ. வருகிறது. அதற்கு மேல் ஒரு விரல் நகராது. ஆக, சக்கரத்தை எதாவது செய்யாமல் வழி இல்லை.

இன்னொன்றும் அட்டையில் தெரிந்தது. வீட்டு முன்பாதை தெருவை நோக்கிச் சரிவா என்று நீங்கள் சொல்லவில்லை. சரிவாக இருந்தால், சக்கரம் கராஜ் தரைக்கு ஏறியபின்னும் கொக்கி கீழே சரிவில் இருக்கும். அப்போது வால் மேலே தூக்கும். உத்தரத்தைத் தாண்டி உள்ளே போனபிறகு, திறந்து படுத்திருக்கும் கதவுப் பலகையில் அடிபடும். கொக்கியைக் கராஜ் தரை மட்டத்துக்குச் சமமாகப் பிடித்துக்கொண்டே தள்ள வேண்டும். இழுவைக் காரில் மாட்டியபடி தள்ளினால் அது நடக்காது.

காற்றாடி அச்சுக்கு மேலே வேண்டவே வேண்டாம், அங்கேதான் சாய்வால் ஒரு உதவியும் கிடைக்காது. என்னைக் கேட்டால் கூரையிலேயே வேண்டாம். பக்கச் சுவரின் உச்சியில் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் சரக்கு கட்டும்போதும் துருத்துகிற எதையும் மேலே வைப்பதில்லை.

அட்டைப் படத்தை அனுப்பட்டுமா?

---

ஈசூன் ரிக்கர்

படம் வந்தது அம்மா, ரொம்ப நன்றி. உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள். இரண்டு முறை பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி, நான் தவறாக நினைத்துவிட்டேன். கப்பலிலும் இப்படித்தான். முன்னும் பின்னும் மாறும், நடுவில் ஒரு இடம் மட்டும் மாறாது. ஏன், மாட்டுவண்டியை நினைத்திருந்தாலே தெரிந்திருக்கும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் வண்டி இருந்தது. ஏர்க்காலைத் தூக்கினால் பின்பாரம், தாழ்த்தினால் முன்பாரம். அச்சு இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கும்.

முன்பாதை சரிவுதான். மகளிடம் ஒரு தோட்டத்துக் குழாயில் தண்ணீர் நிரப்பி டியூப் லெவல் பார்க்கச் சொன்னேன். கதவை ஒட்டிய ஒன்றரை மீட்டர் ஏறக்குறையச் சமம், அதற்கப்புறம் சரிகிறது.

ஆக, இப்போது கேள்வி சக்கரத்துக்கு வந்துவிட்டது.

---

பொங்கோல் வாசி

சார், நான் அட்லாண்டாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். அங்கே கராஜ் கதவில் கை வைத்த அனுபவம் உண்டு. வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, மனதில் வருகிறபடி எழுதுகிறேன்.

முதலில் ஆபத்தான விஷயம். கதவுக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி ஒரு நீண்ட கம்பியில் சுருண்டிருக்கும் ஸ்பிரிங் இருக்கும். கதவின் முழு எடையையும் அந்த முறுக்குத்தான் தாங்குகிறது. அதை யாரும் ஸ்பேனர் வைத்துத் தொடக் கூடாது. அதற்கென்று இருக்கும் ஆட்களைக் கூப்பிட வேண்டும். உங்கள் மருமகன் தச்சு வேலை தெரிந்தவர் என்கிறீர்கள், அதனால்தான் முதலில் சொல்கிறேன். கை வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இதில் அடிபடும்.

கதவு ஆறு செ.மீ. தொங்குவது மோட்டாரில் எங்கே நிற்க வேண்டும் என்று வைத்திருக்கும் அளவு. மோட்டார்ப் பெட்டியிலேயே திருகோ பொத்தானோ இருக்கும், அதை மாற்றினால் கதவு இன்னும் மேலே ஏறும். முறுக்கு ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. செலவும் இல்லை. 207 என்பது 212 வரை வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

தண்டவாளத்தை உயர்த்திக் கதவைக் கூரையை ஒட்டிப் படுக்க வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வாசலின் உயரம் உத்தரம்தான். அது 213-லேயே இருக்கும். உத்தரத்தை உயர்த்துவது என்றால் சுவரைப் பிரிக்கிற வேலை, நகராட்சி அனுமதி, சங்கத்தின் அனுமதி. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சக்கரம் விஷயத்துக்கு வருகிறேன். கராஜுக்குள் தள்ளுவதற்கு மட்டும் சின்னச் சக்கரம் மாட்டுவது அங்கே பலர் செய்வதுதான். 15 அங்குல ரிம் டயர் 69 செ.மீ. என்றால், 13 அங்குல ரிம்மில் 61 வரும். பாதிதான் உயரத்தில் குறையும், ஆக 4 செ.மீ. 8 அங்குல ரிம் என்றால் டயர் 41 செ.மீ. விட்டம். உயரத்தில் 14 குறையும். 224 என்பது 210 ஆகிவிடும், கதவு 212. நுழைந்துவிடும். ஐந்து நட்டு ஒரு சக்கரத்துக்கு, இடைவெளி ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று. டிரெய்லரில் மின் பிரேக் இருக்கிறதா? இந்த அளவு அச்சுக்கு வழக்கமாக 10 அங்குல டிரம் (சக்கரத்துக்குள் இருக்கும் வட்டமான பிரேக் பெட்டி) வரும். 10 அங்குல டிரம்முக்கு மேல் 8 அங்குல ரிம் எப்படி நுழையும்? நுழையாது. வாங்குவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அச்சை ஸ்பிரிங்குக்கு அடியிலிருந்து மேலே மாற்றிப் போட்டு நிரந்தரமாகத் தாழ்த்துகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அச்சைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. அதில் ஒரு சின்ன வளைவு வேண்டுமென்றே கொடுத்திருப்பார்கள், திருப்பினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். டயர் மேல்மூடியில் இடிக்கவும் வாய்ப்பு உண்டு. எனக்கு இது பிடிக்கவில்லை.

சமையலுக்கு எரிவாயு உருளை வைக்கிறார்கள் என்றால், டிரெய்லர் கராஜுக்குள் போகுமுன் உருளையைக் கழற்றி வெளியே, காற்றாடுகிற இடத்தில் வைக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அங்கே பல வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன் கராஜில்தான் இருக்கும். தயவுசெய்து மறக்காதீர்கள்.

---

ஈசூன் ரிக்கர்

ஐந்து வாரம் ஆகிறது. கேரியிலிருந்து எழுதுகிறேன். டிரெய்லர் உள்ளே இருக்கிறது. எப்படி என்று சொல்ல வேண்டியது என் கடமை.

வந்த மறுநாள் காலையிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். பொங்கோல் தம்பி பயந்தபடியே 10 அங்குல டிரம். 8 அங்குலச் சக்கரம் போகாது. மருமகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த எடைக்குப் பிரேக் இல்லாமலும் இழுக்கலாம், கழற்றிவிட்டால் சின்னச் சக்கரம் மாட்டலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது பின்னால் ஆயிரம் கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டு வரும். கராஜுக்காகப் பிரேக்கைக் கழற்றினால் அப்புறம் அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று அன்று இரவு வருத்தமாக இருந்தது. ஆனால் 34 வருடத்தில் நான் பார்த்த அடிபட்ட ஆட்களில் முக்கால்வாசி, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எதையோ கழற்றியவர்கள்தான். காலையில் மருமகனே வந்து, சரி மாமா, வேறு வழி பார்ப்போம் என்றார்.

வேறு வழி எனக்குத் தெரிந்த வழிதான். பட்டறையில் பெரிய மோட்டார், பம்பு எதையாவது கதவு வழியாக நகர்த்த வேண்டும் என்றால் சக்கர வண்டியில் ஏற்ற மாட்டோம். அடியில் உருளை கொடுத்துத் தரையோடு தரையாக இழுப்போம். இங்கேயும் சக்கரமே இல்லாமல் உள்ளே கொண்டுபோனால் என்ன? டயர் போனால் அச்சு எவ்வளவு தாழ வேண்டும் என்பது நம் கையில்.

4 அங்குல இரும்புச் சக்கரம் பொருத்திய காஸ்டர் நான்கு வாங்கினோம், ஒவ்வொன்றும் 350 கிலோ தாங்கும். தட்டையும் சேர்த்து 13 செ.மீ. உயரம். அதன்மேல் 4 செ.மீ. கனத்தில் கட்டை, அச்சுக்குழாய் உட்காரப் பள்ளம் செதுக்கி, மேலே பட்டையால் இறுக்கிக் கட்டும்படி. பக்கத்துக்கு இரண்டு காஸ்டர், ஒரு தொட்டில் மாதிரி. மருமகன் ஒரே மாலையில் செய்து முடித்தார், வேலை அவ்வளவு சுத்தம். இதில் உட்கார்ந்தால் அச்சு 14 செ.மீ. தாழும். பிரேக் டிரம் தரையிலிருந்து 6 செ.மீ. மேலே நிற்கும், உரசாது.

இனி எங்கே சக்கரத்தைக் கழற்றுவது? சரிவில் கழற்ற முடியாது. சாங்கி அம்மா அட்டையில் கண்டுபிடித்த அந்த 108 செ.மீ. இங்கேதான் உதவியது. கொக்கியைத் தூக்கி, வாலைத் தாழ்த்தி, சாதாச் சக்கரத்திலேயே தள்ளிக்கொண்டு போனால், அச்சு வாசலுக்கு 110 வெளியே வரும்வரை கூரை இடிக்காது. அந்த இடம் சமதரை. அங்கே நிறுத்தி, கட்டை கொடுத்து, இரண்டு பக்கமும் ஜாக் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, அச்சைத் தொட்டிலில் இறக்கினோம். பிறகு கொக்கியைத் தரைமட்டத்துக்குச் சமமாக வைத்துக்கொண்டு உள்ளே தள்ளினோம். கதவு மோட்டாரைச் சரிசெய்து 212 வாங்கிவிட்டோம். டிரெய்லர் 210. இரண்டு செ.மீ. இடைவெளி. கதவின் அடி ரப்பரும் அதற்குள்ளேதான்.

தரையில் வாசல் சந்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, இரும்புச் சக்கரம் அதில் சிக்கும் என்று 3 மி.மீ. தகடு போட்டோம். அதைக் கழித்துத்தான் இரண்டு செ.மீ. என்பதில் கடைசியில் மிச்சம் இருந்தது ஒரு விரல் கனத்துக்கும் கொஞ்சம் குறைவு. காக்கி புக்கிட் தம்பி சொன்னபடி காலி எடையில் அளந்திருந்ததால் பயம் இல்லை. பாரம் ஏறினால் இன்னும் தாழத்தான் செய்யும். தண்ணீர்த் தொட்டியை வாசலுக்கு வருமுன்பே திறந்துவிடுவது என்று முடிவு.

தள்ளியவர்கள் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரும். டிரெய்லரின் முன்கம்பியிலிருந்து வெளியே நின்ற காருக்கு ஒரு ஸ்லிங் (பாரம் கட்டும் பட்டை) போட்டு, நடுவில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டி, நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தேன். தள்ளுகிறவர்கள் வேகமாகத் தள்ளிவிட்டாலும் வண்டி உள்ளே ஓடிவிடக் கூடாது. பின்னால் இழுத்துப் பிடிக்கக் கயிறு இல்லாமல் உருளுகிற எதையும் நான் நகர்த்தியதில்லை.

மகள் கராஜுக்குள் நின்று கூரையையும் கதவையும் பார்த்துச் சைகை காட்டினாள். கை விரித்தால் நில், விரல் சுழற்றினால் மெதுவாக, முஷ்டி மடக்கினால் அப்படியே பிடி. சின்ன வயதில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தது. ஒன்றுகூட மறக்கவில்லை. அச்சு வாசலைத் தாண்டுகிற அந்த அரை மீட்டருக்கு அவள் கண்ணைக் கூரையிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு முறை முஷ்டி மடக்கினாள், இரண்டு முறையும் சரியாகத்தான் மடக்கினாள்.

முதல் முறை 2 மணி 10 நிமிடம். வெளியே எடுத்து, ஊர் ஓரமாக ஒரு சுற்று இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தது மூன்றாவது முறை, 50 நிமிடம். வாராவாரம் செய்கிற வேலை இல்லை, மாதம் ஒரு முறை செய்யலாம். உள்ளே நிற்கும்போது காஸ்டரில் விடவில்லை, அச்சுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்திருக்கிறோம்.

காற்றாடி பக்கச் சுவரில், கட்டிலுக்கு மேலே போய்விட்டது. கூரையில் ஒரு ஓட்டையும் இல்லை, மழைக்கும் நல்லது. எரிவாயு உருளை வீட்டுக்குப் பின்னால் வெளியே இருக்கிறது. வெந்நீர்க் கொதிகலன் இந்த வீட்டிலும் கராஜில்தான், தம்பி.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். கப்பலின் முன்னாலும் பின்னாலும் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று காட்ட எண் எழுதியிருப்பார்கள். அதுபோலக் கதவு நிலையில் வெள்ளைப் பெயிண்டால் 212 என்று கோடு போட்டேன். தரையில், வாசலிலிருந்து 110 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு, பக்கத்தில் ‘இங்கே சக்கரம் கழற்று’ என்று. நான் ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்கள் இருவருமாகச் செய்ய வேண்டுமே. தமிழில்தான் எழுதினேன். மருமகனுக்கும் படிக்கத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மலைக்குக் கிளம்புகிறோம். நேற்று கூரையின் உள்பக்கம் பலகை அடித்து முடித்ததும் மகள் என்னை உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேல் இரண்டு விரல் இடம் இருக்கிறது.